உதடு ஒட்டாத புத்தகம்

வாஷி என்று மெதுவாகச் சொல்லிப் பாருங்கள். முதல் எழுத்திலேயே கீழுதடு எழும்பி மேல்வரிசைப் பல்லைத் தொடும். மும்பை என்றால் கேட்கவே வேண்டாம், மூன்று எழுத்திலும் உதட்டுக்கு வேலை. தாராவி, மாட்டுங்கா, செம்பூர் எதுவும் தப்பவில்லை. ஹார்பர் லைனில் வாஷியில் ஏறி சி.எஸ்.எம்.டி. வரை போகிறவர், ஸ்டேஷன் பெயர்களை உதட்டைக் குவிக்காமலும் ஒட்டாமலும் சொல்ல முயன்றால் மான்குர்த்தில் தோற்பார், கோவண்டியில் தோற்பார், செம்பூரிலும் தோற்பார். திலக் நகர் தேறும். குர்லாவில் தொடங்கி மறுபடி வரிசையாகத் தோல்வி. காட்டன் கிரீன் வந்தால்தான் அடுத்த வெற்றி. இத்தனை நீள வண்டிப்பாதையில் தேறுவது இந்த இரண்டு பெயர்கள்தான்.

ரயிலில் பொழுதுபோக்காகச் செய்கிற இந்த வேலையை வைத்து நூலே எழுதியவர்கள் நம் ஊரில் இருந்திருக்கிறார்கள். பல்லவர் காலத்துக் காஞ்சியில் வாழ்ந்த தண்டி வடமொழியில் எழுதிய தசகுமார சரிதம், ஊர் ஊராகப் பிரிந்து போன பத்து இளைஞர்கள் திரும்பி வந்து தத்தம் சாகசங்களைச் சொல்லும் உரைநடைக் கதை. திருட்டு, சூது, ஆள்மாறாட்டம் எல்லாம் உண்டு. மந்திரகுப்தனின் முறை வரும்போது அவன் உதட்டில் புண், காதலியின் பல் பட்டது. உதடு சேர்ந்தால் வலிக்கும். ஆகவே உதட்டொலி ஒன்றுகூட வராமல் தன் கதை முழுவதையும் சொல்லி முடிக்கிறான். ஓர் இலக்கணச் சர்க்கஸுக்கு இவ்வளவு குறும்பான காரணத்தை வேறு யாரும் கண்டுபிடித்ததாக எனக்குத் தெரியவில்லை.

அதே தண்டியின் அணியிலக்கணத்தைத் தழுவித்தான் தமிழில் தண்டியலங்காரம் எழுந்தது. அதில் சித்திரகவி என்னும் எழுத்து விளையாட்டு வகைகளில் ஒன்றாக நிரோட்டம் இடம்பெறுகிறது. தொல்காப்பியர் பிறப்பியலில் எழுத்துகள் வாயில் எங்கே, எப்படிப் பிறக்கின்றன என்று பிரித்துக் காட்டியிருக்கிறார். உ, ஊ, ஒ, ஓ, ஔ ஐந்தும் உதடு குவிவதால் வருபவை. ப, ம இரண்டும் உதடு ஒட்டுவதால் வருபவை. வ மேற்பல்லும் உதடும் கூடிப் பிறப்பது. இந்த எட்டையும், இவை கலந்த உயிர்மெய்களையும் விலக்கிவிட்டுப் பாடினால் நிரோட்டம்.

17ஆம் நூற்றாண்டில் துறைமங்கலம் சிவப்பிரகாசர் இதைத் துணிந்து செய்தார். திருநெல்வேலியில் வெள்ளியம்பலவாணத் தம்பிரானிடம் இலக்கணம் கற்றுவிட்டுக் காணிக்கை கொடுக்கப் போனாராம். பணம் வேண்டாம், திருச்செந்தூரில் என்னை இகழ்ந்து திரியும் புலவரை வென்று வா என்றாராம் தம்பிரான். தோற்றவர் வென்றவருக்கு அடிமை என்பது பந்தயம். அந்தப் போட்டியில் பிறந்தது திருச்செந்தில் நிரோட்டக யமக அந்தாதி, 30 பாடல். உதடு ஒட்டக்கூடாது என்பது ஒரு தளை. நாலடியும் ஒரே எழுத்துக்கோவையில் தொடங்கி, ஒவ்வோர் அடியிலும் வேறு பொருள் தரவேண்டும் என்ற யமகம் இன்னொன்று. ஒரு பாட்டின் முடிவே அடுத்ததன் தொடக்கம் என்ற அந்தாதி வேறு.

முருகனைப் பாட உட்கார்ந்தால் என்ன ஆகும் என்று பாருங்கள். முருகன் என்ற பெயரே போய்விட்டது. வேலன், குமரன், ஆறுமுகன், சரவணன் எல்லாரும் வாசலோடு சரி. வேல், மயில், சேவல், வள்ளி, தெய்வானை யாரும் உள்ளே வர முடியாது. கந்தனும் கார்த்திகேயனும் நுழையலாம். செந்தூர் ஆகாது, செந்தில் ஆகும். புலவர் சிவப்பிரகாசர் என்று தம் பெயரைச் சொல்லிக்கொள்ளவும் வழியில்லை.

சொற்கள் போனதைவிட இலக்கணம் போனதுதான் வியப்பு. அம்மா, அப்பா, தம்பி, பாட்டி போகட்டும். தாய், தந்தை, அண்ணன், தங்கை, தாத்தா மிஞ்சுகிறார்கள். ஒன்றிலிருந்து பத்து வரை எண்ணிப் பாருங்கள், ஒரு எண் தேறாது. பத்துமே உகரத்தில் முடிகின்றன. நான் இருப்பேன், நாம் இருக்க மாட்டோம். அவனும் இல்லை, அவளும் இல்லை. ‘இல்லை’ எனலாம், ‘ஆம்’ எனக்கூடாது. ‘எனக்கு’ போயிற்று, ‘என்னை’ நின்றது. எல்லாவற்றுக்கும் மேலாக, நன்னூல் எதிர்கால இடைநிலைகள் என்று தருபவை ப், வ் இரண்டே. செய்தான் உண்டு, செய்கிறான் உண்டு. செய்வான் கிடையாது, படிப்பான் கிடையாது, செய்யும் என்பதும் மகரத்தில் முடிவதால் கிடையாது. உதட்டைக் கட்டிவிட்டால் தமிழனுக்கு நேற்றும் இன்றும்தான்.

குழந்தை வாயிலிருந்து முதலில் வரும் மெய்களில் பகரமும் மகரமும் இருப்பது நமக்குத் தெரிந்ததே. நாக்கைப் பழக்க வேண்டாம், தாடையைத் திறந்து மூடினால் போதும். உலக மொழிகளில் பெரும்பாலானவற்றில் இந்த ஒலிகள் உண்டு. ஆனால் வட அமெரிக்கப் பழங்குடிகளின் மோஹாக், ஒனைடா மொழிகளில் உதடு மூடும் மெய்களே இயல்பாக இல்லை. வாழ்நாள் முழுக்கப் பாதி நிரோட்டம் பேசுகிறவர்கள் என்று சொல்லலாம்.

நம் மும்பையில் நிரோட்டத்தால் பிழைப்பு நடத்துகிறவர்கள் பேசும் பொம்மைக் கலைஞர்கள். ராம்தாஸ் பாத்யேயின் மடியில் உட்கார்ந்து பேசும் அர்தவட்ராவை மராத்தி வீடுகளில் தெரியாதவர் குறைவு. அந்தப் பெயரிலேயே வகரம் இரண்டு! உதடு அசையாமல் பகரம் வேண்டுமென்றால் நாக்கால் தகரம் போன்ற ஒன்றைத் தட்டி ஒப்பேற்றுவது இந்தக் கலையின் வழக்கம், மகரத்துக்கு நகரம். மீதியைக் கேட்பவர் மூளை நிரப்பிக்கொள்கிறது. கண்ணும் இதில் கூட்டு. 1976இல் மெக்கர்க், மெக்டொனால்ட் என்ற இரண்டு உளவியலாளர்கள், ‘ga’ என வாயசைக்கும் முகத்துக்கு ‘ba’ என்ற ஒலியை ஒட்டிக் காட்டினார்கள். பார்த்தவர்களில் மிகப் பலருக்கு ‘da’ என்று கேட்டது. உதடு மூடாததைக் கண் பார்த்துவிட்டதால் காது தன் சாட்சியையே மாற்றிக்கொண்டது.

பட்டிமன்றங்களில் ஒரு விஷயம் அடிக்கடி வரும். துறவு அதிகாரத்தின் முதல் குறளில் (341) உதடு ஒட்டாது, பற்றை விட்டுவிட்டதால். கடைசிக் குறளில் (350) ஏழில் முதல் ஆறு சீரிலும் உதடு ஒட்டும், இறைவனைப் பற்றச் சொல்வதால். கைதட்டல் நிச்சயம். ஆனால் 341இல் ஓகாரம் ஒன்று இருக்கிறது. ஒட்டாவிட்டாலும் உதடு குவிகிறது. தண்டியலங்காரக் கணக்கில் அது நிரோட்டம் ஆகாது. வள்ளுவர் திட்டமிட்டுச் செய்தார் என்பதில் எனக்கு நம்பிக்கை இல்லை.

மேலைநாட்டில் இதற்குச் சகோதரர்கள் உண்டு. எர்னஸ்ட் வின்சென்ட் ரைட் 1939இல் வெளியிட்ட ‘காட்ஸ்பி’ நாவலில் ஆங்கில ‘ஈ’ எழுத்தே இல்லை. தவறி விழக்கூடாது என்று தட்டச்சுப் பொறியில் அந்த எழுத்தைக் கட்டிவைத்தே எழுதினார். 1969இல் ஜார்ஜ் பெரெக் பிரெஞ்சில் அதே எழுத்தை விலக்கி ஒரு துப்பறியும் நாவல் எழுதினார். காணாமல் போன ஒருவனைத் தேடும் கதை. உலகப் போரில் தகப்பனையும் ஆஷ்விட்ஸில் தாயையும் பறிகொடுத்தவர் அவர். அவர் பெயரிலேயே அந்த எழுத்து நான்கு முறை வருகிறது. மூன்றாண்டுகள் கழித்து, உயிரெழுத்துகளில் அதை மட்டுமே வைத்து இன்னொரு கதை எழுதிக் கணக்குத் தீர்த்தார். இருவரும் விலக்கியது ஏட்டில் எழுதும் ஒரு குறியை. தண்டியும் சிவப்பிரகாசரும் விலக்கியது உடம்பின் ஓர் அசைவை.

திருப்பிப் படிக்கும் மாலைமாற்றில் இது தலைகீழ், அங்கே நம்மவர்களும் ஏட்டெழுத்தைத்தான் பார்த்தார்கள். சம்பந்தர் சீகாழி மேல் பாடியது மூன்றாம் திருமுறையில் இருக்கிறது, முன்னும் பின்னும் ஒன்றாகப் படிக்கலாம். காஞ்சிப் பக்கத்து வேங்கடாத்வரி 17ஆம் நூற்றாண்டில் வடமொழியில் செய்த ராகவயாதவீயமோ, முன்னே படித்தால் ராமன் கதை, பின்னே படித்தால் கண்ணன் கதை. இவை எல்லாம் எழுத்தெழுத்தாகத் திருப்புபவை. விகடகவி என்று போனில் பதிவுசெய்து பின்னோக்கி ஓட்டினால் விகடகவி வராது, ‘இவகடகிவ்’ போல ஏதோ வரும். ‘வி’ கண்ணுக்கு ஓர் எழுத்து, காதுக்கு இரண்டு ஒலி. சம்பந்தரின் பதிகத்தில் புள்ளி வைத்த எழுத்தைத் தேடித்தான் பார்க்க வேண்டும், நெடில்களே நிறைந்திருக்கின்றன. புள்ளி எழுத்தைத் திருப்பிப் போட்டால் சொல் தொடங்காது என்பது அவருக்குத் தெரிந்திருக்கிறது.

கண்ணுக்கும் காதுக்கும் உள்ள இந்தப் பிணக்கு நிரோட்டத்திலும் உண்டு. நாலு, அஞ்சு என்று பேசும்போது கடைசி உகரத்துக்கு நாம் உதட்டைக் குவிப்பதில்லை. வல்லினத்தின் மேல் வந்தால் இலக்கணம் அதைக் குற்றியலுகரம் என்கிறது. எழுத்தைப் பார்த்து விலக்காமல் வாயைப் பார்த்து விலக்கினால் இரண்டு, நான்கு, ஐந்து, ஆறு, ஏழு, எட்டு ஆறும் திரும்பி வந்துவிடும். ஒன்று, மூன்று, ஒன்பது, பத்து அப்போதும் வெளியேதான். வாஷி மார்க்கெட்டில் உதடு புண்ணாகி நிற்கும் மந்திரகுப்தன், ஆறு, ஏழு என்று தைரியமாகக் கேட்கலாம். கிலோ என்று முடிக்கப் போனால் மாட்டிக்கொள்வான்.