மலைச் சாலையும் சிறு வீடும்

பேராக் மாநிலத்துத் தாப்பாவில் பிரியும் மலைச் சாலை, ஏறக்குறைய 37 மைல் வளைந்து வளைந்து ஏறி, பகாங் மாநிலத்தைச் சேர்ந்த தானா ராத்தாவை அடைகிறது. விடுமுறையில் குடும்பத்தோடு மோட்டாரில் கேமரன் மலைக்குச் செல்வோர், அருவியையும் தேயிலைச் சரிவுகளையும் கண்டு களித்து, காய்கறியும் பூச்செடியும் வாங்கிக்கொண்டு திரும்புவது வழக்கம். அவர்களுள் சிலர் ஓர் ஆசையையும் உடன் கொண்டுவருகின்றனர். தாம் கட்டப்போகும் சிறு வீடு அம்மலையில் கண்ட பங்களாவைப் போல் இருக்கவேண்டும் என்பதே அது. பணத்தைச் செலவிடுமுன், அதே சாலையோரத்து வீடுகளை இன்னொருமுறை கூர்ந்து நோக்குவது நலம்.

நில அளவையாளர் வில்லியம் கேமரன் 1885-ஆம் ஆண்டு இம்மலைப் பகுதியைக் கண்டறிந்தார். சாலை வேலை தொடங்கியதோ 1926-இல்தான். 1931-இல் மோட்டார் வண்டிகள் மேலே செல்லலாயின.

மேலே ஏறும் காற்று, அழுத்தம் குறைவதால் விரிகிறது, விரிவதால் குளிர்கிறது. ஆகவே ஆயிரம் அடி ஏறுந்தோறும் வெப்பம் சுமார் 2 சென்டிகிரேட் பாகை குறைகிறது. தானா ராத்தா ஏறக்குறைய 4,700 அடி உயரத்தில் உள்ளது. அடிவாரத்தில் சராசரி 27 பாகை என்றால், அங்கே 18. இந்த ஒன்பது பாகை வேறுபாட்டில்தான் வீட்டின் இரகசியம் அடங்கியிருக்கிறது.

அடிவாரத்துப் பழைய மலாய் வீடு மரத் தூண்களின்மேல் நிற்கிறது. வெள்ளமும் பூச்சிகளும் அண்டாமலிருப்பது ஒரு பயன். தரைமட்டத்தைவிட உயரே காற்று விரைந்து வீசுவது மற்றொரு பயன். பலகைத் தரையின் இடுக்குகள் வழியே கீழ்க்காற்று உள்ளே வருகிறது. சூடேறிய காற்று கூரையடித் துளைகள் வழியே வெளியேறுகிறது. அத்தாப்புக் கூரையும் பலகைச் சுவரும் வெப்பத்தைச் சேமித்து வைப்பதில்லை. பொழுது சாய்ந்த சிறிது நேரத்தில் வீடு குளிர்ந்துவிடும்.

சற்று மேலே சென்றால், பூர்வகுடியினரான செமாய் மக்களின் மூங்கில் வீடுகள் பழைய முறையில் கட்டப்பட்டிருப்பதைச் சில இடங்களில் காணலாம். அவையும் தூண்களின் மேல் நிற்பவையே. ஆனால் இரவில் குளிர் உறைக்கும் உயரம் அது. ஆதலால் அடுப்பு வீட்டுக்குள்ளேயே இருக்கும். மூங்கில் தரை தீப்பற்றாதபடி மண் பரப்பி அதன்மேல் நெருப்பு மூட்டுவார்கள்.

உச்சியை எட்டியதும் காட்சி அடியோடு மாறுகிறது. வீடு தரையில் ஒட்டி அமர்கிறது, சுவர் தடிக்கிறது, சாளரம் சிறுக்கிறது, கூடத்தில் கணப்பும் கூரைமேல் புகைபோக்கியும் தோன்றுகின்றன. வெள்ளைச் சுவரில் கறுப்பு மரச் சட்டங்கள் ஓடும் பங்களாக்கள் தாயகத்தை எண்ணி ஏங்கிய ஆங்கிலேயரின் நினைவுச் சின்னங்கள். இங்கிலாந்தின் பழைய வீடுகளில் அந்தச் சட்டங்களே கட்டடத்தின் பாரத்தைத் தாங்கின. பிற்காலத்தில் அவற்றைப் பார்த்துக் கட்டியவற்றில் அவை பெரும்பாலும் அலங்காரமே. எனினும் தடித்த சுவர் அந்தக் குளிருக்குப் பொருந்தியதுதான். பகல் வெயிலை வாங்கி வைத்து இரவில் மெல்ல விடுகிறது.

அதே சுவரைக் கிள்ளானிலோ ஈப்போவிலோ எழுப்பினால் என்ன ஆகும்? பகலெல்லாம் உண்ட வெப்பத்தை அது படுக்கும் நேரத்தில் கக்கும். வெளியே காற்று இதமாக இருக்க, உள்ளே குழந்தை வியர்த்துப் புரளும். பிறகு குளிர்சாதனம் வாங்க வேண்டும். மாதந்தோறும் மின்கட்டணமும் கட்ட வேண்டும்.

தமிழர்க்கு இது புதிய பாடமன்று. தேயிலைத் தோட்டத்திலும் ரப்பர் தோட்டத்திலும் நம் தொழிலாளர்க்குக் கிடைத்தது ஒரே அமைப்பிலான லயன் வீடுதான். அடுத்தடுத்த குடும்பங்களுக்கு நடுவே பொதுச்சுவர். பக்கவாட்டில் சாளரமே கிடையாது. குளிர்ந்த மலையில் ஒரு வீட்டு அடுப்பின் சூடு அடுத்த வீட்டுக்கும் ஓரளவு உதவியிருக்கும். சமவெளி ரப்பர் தோட்டத்திலோ அதே சுவர் காற்றுக்கு முட்டுக்கட்டை. மக்கள் வாசற்படியிலும் திண்ணையிலும் மாலைப் பொழுதைக் கழித்ததற்கு ஊர்க்கதை மட்டும் காரணமன்று. லயனை விட்டு வந்து முதன்முதலாகச் சொந்த வீடு கட்டும் குடும்பம், அந்தப் புழுக்கத்தைப் பங்களா வடிவில் மீண்டும் விலைகொடுத்து வாங்கலாகாது.

மலை வீட்டிலிருந்து கொண்டுவரத்தக்கவையும் உண்டு. வீணான நடைபாதையின்றி, ஒரே கூடத்தைச் சுற்றி அறைகளை அடக்கும் சிக்கனம் எங்கும் பயன்படும். மழையில் நனையாமல் செருப்பைக் கழற்ற உதவும் முகப்புக் கூரையும் அப்படியே. சரிந்த கூரையைப் பற்றிக் கவலை வேண்டா. ஆங்கிலேயர் அதை அங்கே கொண்டுவருமுன்பே மலாய் வீட்டுக்கு அது சொந்தமாகிவிட்டது. அத்தாப்பு செங்குத்தாகச் சரிந்தால்தான் மழைநீர் ஒழுகாது. அந்தக் கூரையைச் சுவருக்கு வெளியே மூன்றடியாவது நீட்டி, அதன் இரு முனைகளிலும் காற்றுத் துளை விடும்படி கொத்தனாரிடம் முதல் நாளே சொல்லிவிட வேண்டும். பூச்சு முடிந்தபின் துளையிடுவது இரட்டைச் செலவு.