பூட்டு வாங்கித் தரும் சில நிமிடங்கள்

இரவு 11 மணிக்கு மேல் வானொலிக்கு அழைப்பவர்கள் எல்லாரும் பாட்டுக்காக மட்டும் அழைப்பதில்லை. தூக்கம் வராதவர், இரவு ஷிப்டில் இருப்பவர், பேச்சுத் துணை தேடுகிறவர் என்று பலரும் வருவார்கள். சில மாதங்களுக்கு முன் புக்கிட் பெருவாங்கிலிருந்து ஓர் அக்கா அழைத்தார். கணவருக்குச் சிங்கப்பூரில் வேலை, வார இறுதியில்தான் வருவார். வீட்டில் அவரும் இரண்டு பிள்ளைகளும் மட்டும்.

"என்ன பாட்டுக்கா போடட்டும்?" என்று கேட்டேன்.

"எதுவா இருந்தாலும் பரவால்ல தம்பி. ஆம்பளக் குரலா இருந்தா நல்லது. ரேடியோவ வாசப் பக்கமா வெச்சிருக்கேன். உள்ள ஆள் முழிச்சிருக்குன்னு தெரியட்டும்."

சிரித்துக்கொண்டே பாட்டைப் போட்டுவிட்டேன். நிகழ்ச்சி முடிந்து காரில் திரும்பும்போது சிரிப்பு வரவில்லை. நானும் புக்கிட் பெருவாங்கில் வளர்ந்தவன்தான். அந்தப் பயம் எங்கள் வீட்டிலும் இருந்தது.

அப்பா வாங்கிய மூன்று பூட்டு

எங்கள் வரிசையில் இரண்டு வீடு தள்ளி இருந்த குடும்பம், ஒரு மாசி மகத்துக்குச் சன்னாசிமலைக்குப் போயிருந்தது. திரும்பி வந்து பார்த்தால் பின்பக்கச் சந்து வழியாகத் திருடன் வந்து, சமையலறை கிரிலின் பூட்டை வெட்டி, அலமாரியைக் காலி செய்துவிட்டுப் போயிருந்தான்.

மறுநாளே அப்பா கடைக்குப் போய் மூன்று பெரிய பூட்டு வாங்கி வந்தார். முன்கதவுக்கு ஒன்று, பின்கதவுக்கு ஒன்று, மாடிப்படியில் புதிதாகப் போட்ட கிரிலுக்கு ஒன்று. எல்லாச் சாவியும் ஒரே கொத்தில். திருடன் கையில் சிக்கக் கூடாது என்று இரவில் அந்தக் கொத்து அம்மாவின் பீரோவுக்குள், சேலைகளுக்கு அடியில் போய்விடும்.

சில மாதம் கழித்து ஒரு நள்ளிரவு. கீழே கூடத்தில், நீட்டு வயரில் செருகியிருந்த சார்ஜர் கருகிப் புகைய ஆரம்பித்தது. மின்சாரம் துண்டித்துக்கொண்டதால் வீடு முழுக்க இருட்டு. அம்மா சேலைகளை வாரி வெளியே எறிந்து சாவியைத் தேடினார். கிடைத்த பிறகும், எந்தச் சாவி எந்தப் பூட்டுக்கு என்று தெரியவில்லை. கைப்பேசி வெளிச்சத்தில் அப்பா ஒவ்வொன்றாகப் போட்டுப் பார்த்தார். அவர் கை நடுங்கியதை அன்றுதான் பார்த்தேன். நாங்கள் வாசலுக்கு வந்து நிற்க ஐந்து நிமிடமாவது ஆகியிருக்கும்.

நல்லவேளை, புகையோடு போயிற்று. தீயாகப் பிடித்திருந்தால் அந்த ஐந்து நிமிடம் எங்களிடம் இருந்திருக்காது.

திருடனுக்கும் நேரம் முக்கியம்

வெட்ட முடியாத பூட்டு கடையில் கிடைப்பதில்லை. பெரிய வெட்டுக் கத்தரி இருந்தால் சாதாரணப் பூட்டு சில நொடிதான் தாங்கும், நல்ல பூட்டு சில நிமிடம் தாங்கும். நாம் காசு கொடுத்து வாங்குவது அந்தச் சில நிமிடங்களைத்தான். அதற்குள் யாராவது சத்தம் கேட்டு விளக்கைப் போட வேண்டும், நாய் குரைப்பதை எட்டிப் பார்க்க வேண்டும், போலீசுக்கு அழைக்க வேண்டும். யாருமே கவனிக்காவிட்டால் வாங்கிய நிமிடங்கள் வீண்தான்.

இங்கிலாந்தில் டிரெவர் பென்னெட், ரிச்சர்ட் ரைட் என்ற இரண்டு ஆய்வாளர்கள், வீடு புகுந்து திருடியவர்களிடமே பேசி 1984-இல் ஒரு நூல் வெளியிட்டார்கள். எந்த வீட்டைத் தேர்ந்தெடுப்பீர்கள் என்று கேட்டபோது, உள்ளே ஆள் இருக்கும் அறிகுறியும், அக்கம்பக்கத்தார் கண்ணில் படும் வாய்ப்பும் அவர்கள் முடிவில் பெரிய பங்கு வகித்தது தெரிந்தது. ரேடியோவை வாசல் பக்கம் வைத்த அக்கா, எந்த நூலையும் படிக்காமலே அதைப் புரிந்துவைத்திருக்கிறார்.

ஆறு வீட்டு வளையம்

அதே இங்கிலாந்தில், ரோச்டேல் நகரின் கர்க்ஹோல்ட் குடியிருப்பில் 1980-களின் நடுவில் திருட்டு மிக அதிகம். சுமார் 2,280 வீடுகள் கொண்ட, சாதாரணத் தொழிலாளர் குடும்பங்கள் வாழ்ந்த அரசாங்க வீடமைப்பு அது. அங்கே வேலை செய்த ஆய்வாளர்கள் ஒரு விஷயத்தைக் கவனித்தார்கள். ஒருமுறை திருடு போன வீட்டில் மறுபடியும் திருடு போகும் வாய்ப்பு மற்ற வீடுகளைவிட அதிகம். வழி தெரிந்துவிட்டது, போன பொருளுக்குப் பதிலாகப் புதுப்பொருள் வந்திருக்கும் என்றும் தெரியும். திருடன் ஏன் வேறு வீடு தேட வேண்டும்?

அதனால் குடியிருப்பு முழுவதையும் காக்கப் பார்க்காமல், திருடு போன வீட்டிலிருந்து தொடங்கினார்கள். அந்த வீட்டின் பூட்டையும் கதவையும் பலப்படுத்தினார்கள். திருட்டுகளில் ஏறக்குறைய பாதியில், காசு போட்டு மின்சாரமும் எரிவாயுவும் பெறும் மீட்டரை உடைத்துப் பணத்தை எடுத்திருந்தார்கள். அந்த மீட்டர்களை அகற்றினார்கள். பிறகு அந்த வீட்டைச் சுற்றியிருந்த ஆறு வீட்டாரிடம் பேசி, ஒரு கண் வைத்துக்கொள்ளச் சொன்னார்கள். வளையம் அவ்வளவுதான். முதல் ஆண்டிலேயே திருட்டு பாதிக்கும் மேல் குறைந்தது. அடுத்த சில ஆண்டுகளில் ஏறக்குறைய நான்கில் மூன்று பங்கு குறைந்துவிட்டது.

எங்கள் வரிசையில் திருடு போனபோது நாங்கள் செய்தது நேர்மாறு. ஆளுக்கு ஆள் பூட்டு வாங்கினோம். திருடு கொடுத்த குடும்பத்தின் கைப்பேசி எண்ணைக்கூட யாரும் வாங்கி வைத்துக்கொள்ளவில்லை.

லயத்தில் இருந்தது, தாமானில் இல்லாதது

என் பாட்டி ஜாசின் பக்கத் தோட்டத்தில் வாழ்ந்தவர். லயத்து வீட்டுக் கதவுக்கு உள்ளே ஒரு தாழ்ப்பாள், அவ்வளவுதான். இரவில் தோட்டத்து ஜாகா ஒரு சுற்று வருவார். அதைவிடப் பெரிய காவல், பக்கத்து வீட்டுச் சுவர். இங்கே இருமினால் அங்கே கேட்கும். தெரியாத ஆள் லயத்துக்குள் நுழைந்தால் நாயும் குரைக்கும், நாலு பேர் "யாரு?" என்றும் கேட்பார்கள்.

அதைப் பொற்காலம் என்று சொல்ல வரவில்லை. திருடிப் போக அங்கே பெரிதாக எதுவும் இல்லை என்று பாட்டியே சொல்லிச் சிரிப்பார். ஆனால் தோட்டங்களை விட்டு புக்கிட் பெருவாங், செங், டுரியான் துங்கால் என்று தாமான்களுக்கு வந்தபோது, டிவியும் நகையும் நம்மோடு வந்தன, "யாரு?" என்று கேட்கும் நாலு பேர் வரவில்லை. புக்கிட் பெருவாங்கில் இன்னொன்றும் உண்டு. மல்டிமீடியா பல்கலைக்கழகம் பக்கத்திலேயே இருப்பதால் பல வீடுகளில் மாணவர்கள் வாடகைக்கு இருக்கிறார்கள். செமஸ்டருக்குச் செமஸ்டர் முகம் மாறும், விடுமுறையில் வீடு காலியாகக் கிடக்கும். புது முகம் யார், தப்பான முகம் யார் என்று பிரித்துச் சொல்வது கடினம்.

இந்தக் குறையை நிரப்ப நம் நாட்டில் ஏற்கெனவே ஓர் அமைப்பு இருக்கிறது. 1975-இல் ருக்குன் தெத்தாங்கா தொடங்கியபோது, குடியிருப்பு ஆண்கள் முறைவைத்து இரவு ரோந்து போவது கட்டாயமாக இருந்தது. நம் அப்பாக்களும் தாத்தாக்களும் கையில் டார்ச்லைட்டோடு சுற்றிய கதை பல வீடுகளில் இருக்கும். பிறகு அது அண்டை அயலார் உறவை வளர்க்கும் அமைப்பாக மாறியது. இப்போது 2012-ஆம் ஆண்டு ருக்குன் தெத்தாங்கா சட்டத்தின் கீழ் தன்னார்வ ரோந்துக் குழு அமைக்க வழியுண்டு. உங்கள் தாமானில் அது இயங்குகிறதா என்று ஒருமுறை கேட்டுப் பாருங்கள். பல இடங்களில் ஆள் பற்றாக்குறைதான் பிரச்சினை.

தீ காத்திருக்காது

2017 செப்டம்பர் 14, விடியற்காலை. கோலாலம்பூர், கம்போங் டத்தோ கெராமாட்டில் ஒரு சமயப் பள்ளியின் விடுதியில் தீப்பிடித்தது. 21 மாணவர்களும் இரண்டு ஆசிரியர்களும் இறந்தார்கள். சன்னல்களில் நிலையாகப் பொருத்திய கிரில் இருந்தது. பிள்ளைகளால் வெளியே வர முடியவில்லை. அந்தச் செய்தியை வாசித்த வாரம் முழுக்க எங்கள் வீட்டுச் சேலைப் பீரோதான் என் நினைவில் நின்றது.

அமெரிக்காவின் யூ.எல். ஆய்வகம், பழங்காலத்து மரச் சாமான்கள் உள்ள அறையையும், இன்றைய நுரைப்பஞ்சு சோபா, பிளாஸ்டிக் பொருள்கள் உள்ள அறையையும் பற்றவைத்துப் பார்த்தது. பழைய அறை முழுதாகத் தீப்பற்ற ஏறக்குறைய அரை மணி நேரம் பிடித்தது. புதிய அறை ஐந்து நிமிடத்துக்குள் முழுதும் எரிந்தது. பூட்டு திருடனிடமிருந்து வாங்கித் தரும் நிமிடங்களை, சாவி கிடைக்காவிட்டால் தீயிடம் திருப்பிக் கொடுக்க வேண்டியிருக்கும்.

இன்றிரவே செய்யக்கூடியவை

சாவிக்கு ஓர் இடம். ஒவ்வொரு கிரிலுக்கும் அதனதன் சாவியை, சன்னல் வழியாகக் கையோ குச்சியோ எட்டாத, ஆனால் வீட்டில் எல்லாருக்கும் தெரிந்த ஓர் ஆணியில் மாட்டுங்கள். பத்து வயதுப் பிள்ளைக்கும் கை எட்ட வேண்டும். சாவிக்கு நிற நாடா கட்டினால் அவசரத்தில் குழப்பம் வராது. கார் சாவியை வாசல் மேசையில் போடாதீர்கள்.

ஒரு சன்னல் திறக்கட்டும். புதிதாக கிரில் போடுகிறவர்கள், படுக்கையறைச் சன்னல் ஒன்றிலாவது உள்ளிருந்து திறக்கும் கதவு வைத்துத் தரச் சொல்லுங்கள். பழைய கிரிலிலும் வெல்டிங் கடைக்காரர் இதைச் செய்து தருவார். பேட்டரியில் இயங்கும் புகை எச்சரிக்கைக் கருவி ஒன்றையும் மாட்டுங்கள்.

பின்வாசலைப் பாருங்கள். முன்கதவுக்குச் செலவழிக்கும் நாம் சமையலறைக் கதவை மறந்துவிடுகிறோம். சந்தில் சாய்த்து வைத்த ஏணி, பழைய நாற்காலி எல்லாம் திருடனுக்குப் படிக்கட்டு. பலகைக் கண்ணாடிச் சன்னலில் கண்ணாடிகளை ஒவ்வொன்றாக உருவிவிட முடியும், உள்ளே கிரில் இருக்கிறதா என்று பாருங்கள். ஆள் நடமாட்டம் கண்டு எரியும் விளக்கு ஒன்று பின்னால் இருக்கட்டும்.

இரவில் வீடு திரும்பும்போது, கேட் முன்னால் காரை நிறுத்திக் கைப்பேசி பார்க்காதீர்கள். பின்னால் மோட்டார் சைக்கிள் வந்தால் நிற்காமல் ஒரு சுற்றுப் போய் வாருங்கள்.

ஊருக்குப் போகும்போது போலீஸ் நிலையத்தில் சொல்லிவிட்டுப் போகலாம், அதற்கென்றே படிவம் இருக்கிறது. "கேமரன் மலையில் குடும்பத்தோடு" என்ற படத்தை வீடு திரும்பிய பிறகு பதிவிடலாம்.

ஆறு எண்கள். இடம், வலம், எதிர், பின்பக்கம் என்று ஆறு வீட்டு எண்களைக் கைப்பேசியில் சேர்த்துவையுங்கள். 200 பேர் இருக்கும் தாமான் வாட்சாப் குழுவில் நள்ளிரவில் எழுதினால் காலையில்தான் பதில் வரும். ஒரு வீட்டுக்கு நேராக அழைத்தால் உடனே விளக்கு எரியும்.

உள்ளே வந்துவிட்டால்

பொருளை விடுங்கள், ஆளைக் காப்பாற்றுங்கள். எல்லாரும் ஓர் அறைக்குள் போய்த் தாழிட்டு 999-ஐ அழையுங்கள். முடிந்தால் சன்னல் வழியாகக் கூச்சல் போடுங்கள். ஓடுகிறவனுக்கு ஓட வழி விடுங்கள்.

இரவில் வீடு புகுந்து திருடுவதை நம் தண்டனைச் சட்டத்தின் 457-ஆவது பிரிவு கடுமையாகப் பார்க்கிறது. 14 ஆண்டு வரை சிறை விதிக்கலாம். தற்காப்பு உரிமையையும் அதே சட்டம் தருகிறது. ஆனால் தற்காப்புக்குத் தேவையான அளவுக்கு மேல் தாக்கக் கூடாது என்று 99-ஆவது பிரிவு சொல்கிறது. பிடிபட்டு விழுந்து கிடப்பவனை வரிசையே கூடி அடித்தால், வழக்கு நம்மீதும் வரும்.

எங்கள் வீட்டில் இப்போது மாடிப்படி கிரிலின் சாவி, படுக்கையறைக் கதவுக்குப் பின்னால் சிவப்பு நாடாவோடு தொங்குகிறது. மாதம் ஒருமுறை அப்பா விளக்கை அணைத்துவிட்டு, கைத்தடவலில் திறந்து பார்ப்பார். பக்கத்து வீட்டு மக்சிக்கின் எண் அம்மாவின் கைப்பேசியில் முதல் இடத்தில் இருக்கிறது.

அந்த அக்கா போன வாரம் மறுபடியும் அழைத்தார். எதிர்வீட்டுச் சீன அங்கிளும் இரவில் லேட்டாகத்தான் படுப்பாராம். கணவர் இல்லாத நாள்களில் இவர் வாசல் விளக்கைப் போட்டால், அவரும் ஒருமுறை எட்டிப் பார்த்துவிட்டுப் படுக்கிறாராம்.

"இன்னிக்கு நான் கேக்குற பாட்டு போடு தம்பி," என்றார். "பொம்பளக் குரலா இருந்தாலும் பரவால்ல."