இன்ப நாட்கள் – யாருக்கு?

பொற்காலம் என்று யாரேனும் புகழத் தொடங்கினால், நாம் கேட்கும் முதற் கேள்வி: "யாருக்கு?" கேட்டுக் கேட்டுப் பழகிவிட்டது நமக்கு, கேட்டதும் சிலர் முகம் சுளிப்பதும் பழகிவிட்டது. இன்று அதே கேள்வியோடு கடல் கடந்து, அமெரிக்க நாடு செல்கிறோம்.

அங்கே 1974 ஜனவரியில் ஒரு நகைச்சுவைத் தொடர் தொலைக்காட்சியில் பிறந்தது. பெயர் 'ஹேப்பி டேஸ்' – இன்ப நாட்கள்! 1984 வரை நடந்த அந்தத் தொடர் காட்டியது, 1950களின் இளைஞர் வாழ்வை. ரிச்சி என்றொரு மாணவன், அடக்கமானவன். தந்தைக்கு இரும்புச் சாமான் கடை. அன்பான தாய், குறும்புக்காரத் தங்கை. பள்ளி முடிந்தால் தோழர்கள் கூடும் இடம் ஆர்னால்ட்ஸ் சிற்றுண்டிச்சாலை. அங்கே வருவான் ஃபான்சி. தோல்சட்டைக்காரன், மோட்டார் சைக்கிள் வீரன். அவன் கை முட்டியால் ஓர் இடி இடித்தால், ஊமையாய் நின்ற இசைப்பெட்டியும் பாடும்!

இவர்களுக்கு வந்த துன்பம் என்ன? காதலியிடம் பேச நாக்கு எழவில்லை. நடன விருந்துக்குத் துணை கிடைக்கவில்லை. அரை மணி நேரத்தில் தீர்ந்துபோகும் துன்பங்கள்!

ஏன் தேவைப்பட்டது இந்தப் பழங்கனவு? வியட்நாமில் தன் பிள்ளைகளைப் பலிகொடுத்துவிட்டு, மனம் நொந்து கிடந்தது அந்நாடு. பெட்ரோலுக்கு வரிசை. வாட்டர்கேட் அம்பலம், 1974 ஆகஸ்டில் நிக்சன் பதவி விலகினார். அடிபட்டவன் தாய்வீட்டை நினைப்பதுபோல, அமெரிக்கா தன் இளமையை நினைத்துப் பார்த்தது. அதைக் குற்றம் என்போமா? இல்லை. சிரிக்க வைத்தார்கள், நாமும் சிரித்தோம்.

ஆனால், பெயரில்லாத ஊரிலா கதை நடந்தது? இல்லையே! விஸ்கான்சின் மாநிலத்து மில்வாக்கி நகரம் என்று ஊரைச் சொல்லிக் கதை நடத்தினார்கள். ஊரைச் சொன்னபின், ஊராரைப் பற்றி நாம் கேட்க வேண்டாமா?

1950க்கும் 1960க்கும் இடையே மில்வாக்கியில் கறுப்பின மக்கள் தொகை ஏறக்குறைய மூன்று மடங்காயிற்று. தொழிற்சாலை வேலை தேடி வந்தவர்கள். உழைக்க இடம் இருந்தது. குடியிருக்க இடம் இல்லை! நகரின் ஒரு பகுதிக்குள்ளேயே அடைபட்டார்கள். அவர்கள் பிள்ளைகளின் பள்ளிகள் நிரம்பி வழிந்தன. 1950களின் பிற்பகுதி முதல், அந்தப் பிள்ளைகளை வகுப்பு வகுப்பாகப் பேருந்தில் ஏற்றி வெள்ளையர் பள்ளிக்கு அனுப்பினர். சமத்துவம் மலர்ந்ததோ என்று மகிழாதீர்! அங்கேயும் தனி வகுப்பறை. நண்பகல் உணவுக்குச் சிலரை மீண்டும் பேருந்தில் ஏற்றிப் பழைய பள்ளிக்கே கொண்டுவந்தனர். உண்டபின் மறுபடி பயணம்! ஒரே கூரையின்கீழ், ஒரே வேளையில் உண்ணக்கூடாதாம். ஆர்னால்ட்ஸ் சிற்றுண்டிச்சாலையில் இன்ப கீதம் ஒலித்த அதே நகரம், அதே காலம்!

1956ல் அந்நகர மன்றத்துக்குத் தேர்ந்தெடுக்கப்பட்டார் வெல் ஃபிலிப்ஸ். அம்மன்றத்தின் முதல் பெண் உறுப்பினர். முதல் கறுப்பின உறுப்பினரும் அவரே. எவரும் எங்கும் வீடு வாங்கலாம், வாடகைக்குக் குடிபுகலாம் என்று 1962ல் ஒரு சட்டம் கொண்டுவந்தார். ஆதரித்த வாக்கு ஒன்றே ஒன்று. அவர் வாக்கு! மீண்டும் கொண்டுவந்தார், மீண்டும் தோற்கடித்தனர்.

பேருந்தில் அலைக்கழிக்கப்பட்ட பிள்ளை வளர மாட்டானா? 1957ல் எட்டு வயதுச் சிறுவன், 1967ல் பதினெட்டு வயதுக் காளை. அந்த ஆண்டு ஆகஸ்ட் 28ல் இளைஞர் படை கிளம்பிற்று, குரோப்பி என்ற வெள்ளைப் பாதிரியாரைத் துணையாகக் கொண்டு. வடக்கே கறுப்பர், தெற்கே வெள்ளையர், நடுவே ஒரு பாலம். போலந்து வழிவந்தோர் தெற்கே மிகுதி. ஆகவே, ஆப்பிரிக்காவைப் போலந்தோடு இணைக்கும் உலகின் நீளமான பாலம் இதுதான் என்று கேலி பேசுவர் அவ்வூரார். அந்தப் பாலத்தைக் கடந்தனர் இளைஞர். கல் பறந்தது, புட்டி பறந்தது, வசை பறந்தது. வீடு திரும்பினரா? திரும்பினர்; மறுநாள் மீண்டும் வந்தனர். 200 நாட்கள் நடந்தனர்! 1968 ஏப்ரலில் சட்டம் நிறைவேறிற்று.

பள்ளி வழக்கு? 1965ல் தொடுத்தார் வழக்கறிஞர் லாயிட் பார்பி. பள்ளிகளில் பிரிவினையை உண்டாக்கியது நிர்வாகமே என்று கூட்டாட்சி நீதிமன்றம் தீர்ப்பளித்தது 1976 ஜனவரியில். அந்த ஆண்டு இலையுதிர் காலத்தில் தொடங்கிய பருவத்தில், நாட்டிலேயே அதிகம் பேர் பார்த்த தொடர் எது தெரியுமா? 'இன்ப நாட்கள்'!

கறுப்பரைக் காட்டவே இல்லை என்று நாம் பழி கூறமாட்டோம். ரிச்சியின் தந்தையுடைய பழைய ராணுவத் தோழர் ஒருவர், கறுப்பர்; அந்த வீட்டில் அவருக்குத் திருமணம் நடக்கும் கதை தொடக்கத்திலேயே உண்டு. நல்ல கதைதான். ஆனால் வந்தவர் விருந்தாளி! விருந்தாளி போய்விடுவார், ஊரார் போவாரோ? மறுவாரம், வழக்கம்போல் இசைப்பெட்டி பாடிற்று.

பொய்யைச் சொன்னால்தான் வரலாறு கெடும் என்பதில்லை. ஒரு வீட்டின் கூடத்தை மட்டும் காட்டி, இதுதான் ஊர் என்றாலும் கெடும். அந்தக் கூடத்தைப் பார்த்து வளர்ந்தவர்களிடம், "பழைய நாட்களைத் திரும்பக் கொண்டுவருவோம், வாக்களியுங்கள்" என்று மேடையேறிப் பேசுவது எளிது. கேட்பவர் கண்முன் நிற்பது இசைப்பெட்டி, பேருந்து அல்லவே!

மில்வாக்கி ஆற்றங்கரையில் ஃபான்சிக்கு 2008ல் வெண்கலச் சிலை வைத்தார்கள். பிறக்காதவனுக்குச் சிலை! வேடிக்கைதான், இருக்கட்டும், நாம் இடிக்கச் சொல்லவில்லை. அதே நகரில் அந்தப் பாலமும் இருக்கிறது. 1988ல் அதற்குக் குரோப்பியின் பெயரைச் சூட்டி, ஒற்றுமைப் பாலம் என்றார்கள். சிலையைக் காணச் செல்வோர், அந்தப் பாலத்தையும் ஒருமுறை நடந்து கடக்கட்டும். இன்ப நாட்கள் எல்லோர்க்கும் உரியன ஆகவேண்டும் என்று கல்லடி பட்ட இளைஞர்கள் நடந்த இடம் அது.