ஓர் ஆக்சிஜன் அணு குறைந்தால்...

எங்கள் மண்ணூரில் காலை ஷிப்டுக்குப் போகிறவர்கள் தேநீர்க் கடையில் நின்று, தேநீரில் பன்னைத் தோய்த்துச் சாப்பிடுவார்கள். உங்கள் ஊரிலும் இதே காட்சிதான். அந்தப் பன்னைப் பிய்த்துப் பாருங்கள். உள்ளே சிறு சிறு துளைகள் தெரியும். மாவிலிருந்த சர்க்கரையைத் தின்ற ஈஸ்ட் வெளியிட்ட கரியமில வாயுவின் தடங்கள் அவை.

ஈஸ்ட் ஒற்றை உயிரணுவாலான பூஞ்சை. ஆனால் அதை அற்பமாக எண்ணிவிடாதீர்கள். பாக்டீரியாவைப் போலன்றி, நம் உயிரணுவைப் போலவே அதற்கும் உட்கரு உண்டு; குரோமோசோம்கள் உண்டு. உட்கரு உள்ள உயிரினங்களுள் முதன்முதலாக 1996இல் முழு மரபுச் செய்தியும் படிக்கப்பட்டது இந்த ரொட்டி ஈஸ்டுக்குத்தான். 16 குரோமோசோம்கள், சுமார் 1 கோடியே 20 லட்சம் டி.என்.ஏ. எழுத்துகள், ஏறக்குறைய 6,000 மரபணுக்கள்! உயிரணு எவ்வாறு இரண்டாகப் பிரிகிறது என்பதை ஈஸ்டில் கண்டறிந்த லேலண்ட் ஹார்ட்வெல் 2001இல் நோபல் பரிசில் பங்கு பெற்றார்.

இந்த ஒற்றுமைதான் மருத்துவருக்குத் தொல்லை. ஏன் என்கிறீர்களா? ஈஸ்ட் இனங்களுள் சில நம்மை நோயாளியாக்குபவை. பாக்டீரியாவைக் கொல்லும் மருந்துகள் பல உண்டு. ஈஸ்டைக் கொல்லும் மருந்தோ, நம் உயிரணுவையும் சேர்த்துத் தாக்கிவிடக் கூடாதே! ஆகவே இரண்டுக்கும் உள்ள வேறுபாட்டைத் தேடிப் பிடிக்க வேண்டும். அத்தகைய வேறுபாடு ஒன்று உயிரணுச் சவ்வில் இருக்கிறது. நம் சவ்வில் இருப்பது கொலஸ்டிரால். ஈஸ்டின் சவ்வில் இருப்பது எர்கோஸ்டிரால். எர்கோஸ்டிராலைத் தயாரிக்கும் நொதிகளுள் ஒன்றைப் பற்றிக்கொண்டு வேலை செய்யவிடாமல் தடுப்பதுதான் ஃபுளூகோனசோல் என்ற மருந்து. சவ்வு கெட்டால் ஈஸ்ட் வளருவது எப்படி?

இனி நம் கதாநாயகனைப் பார்ப்போம்; வில்லன் என்பதே பொருத்தம். 2009இல் ஜப்பானில் ஒரு மூதாட்டியின் காதிலிருந்து எடுத்த ஈஸ்ட் ஒன்று புது இனம் என்று அறியப்பட்டது. லத்தீன் மொழியில் 'ஆரிஸ்' என்றால் காது. எனவே 'காண்டிடா ஆரிஸ்' என்று பெயரிட்டார்கள். 2013இல் டில்லியில் வல்லபாய் பட்டேல் மார்பு நோய் நிறுவனத்தைச் சேர்ந்த டாக்டர் அனுராதா சௌத்ரியும் அவர் குழுவினரும் இரண்டு மருத்துவமனைகளில் 12 நோயாளிகளிடம் அதைக் கண்டதாக அறிவித்தார்கள். வழக்கமான சோதனைக் கருவிகள் அதை வேறோர் இனமாகப் பிழையாகக் காட்டின. டி.என்.ஏ.வைப் படித்த பிறகே உண்மை வெளிப்பட்டது. அதே குழுவினர் பின்னர் 10 இந்திய மருத்துவமனைகளில் 2009 முதல் 2017 வரை சேகரித்த 350 மாதிரிகளைச் சோதித்தனர். அவற்றுள் சுமார் 90 சதவிகிதம் ஃபுளூகோனசோலுக்கு அடங்கவில்லை!

எப்படித் தப்பிக்கிறது? மேற்சொன்ன நொதியைச் செய்யும் மரபணுவின் பெயர் இ.ஆர்.ஜி.11. நொதி என்பது அமினோ அமிலங்களைக் கோத்த மாலை. அதில் 132ஆவது மணி டைரோசின். அடங்காத மாதிரிகள் பலவற்றில் அந்த இடத்தில் பினைலலனின் இருந்தது. டி.என்.ஏ.யில் 'ஏ' என்ற ஒரே எழுத்து 'டி' என்று மாறினால் போதும், இது நேர்ந்துவிடும். உங்கள் வேதியியல் ஆசிரியரிடம் இவ்விரண்டின் வாய்பாடுகளையும் கேட்டுப் பாருங்கள். வேறுபாடு ஓர் ஆக்சிஜன் அணு! மருந்து நொதியைப் பற்றிக்கொள்ள உதவும் பிடிகளுள் ஒன்று அந்த ஆக்சிஜன் வழியாக அமைவது. அது போனால் பிடி தளர்கிறது. நொதியோ தன் வேலையைத் தொடர்கிறது. இன்னொன்றும் உண்டு. நம்மிடம் ஒவ்வொரு மரபணுவும் இரட்டையாக இருக்கிறது. காண்டிடா ஆரிஸிடம் ஒற்றைதான். மெண்டலின் பட்டாணியில் போல ஒடுங்கி மறைந்து கிடக்க வழியில்லை. மாற்றம் உடனே செயலில் தெரியும்.

நலமாக இருப்பவர்கள் பயப்பட வேண்டியதில்லை. தோலில் ஒட்டியிருந்தாலும் பெரும்பாலும் ஒன்றும் செய்யாது. தீவிர சிகிச்சைப் பிரிவில், இரத்தக் குழாயில் டியூப் செருகப்பட்டுக் கிடக்கும் நோயாளியின் இரத்தத்தில் புகுந்தால்தான் உயிருக்கு ஆபத்து. கட்டிலிலும் கருவிகளிலும் வாரக்கணக்கில் அது பிழைத்திருக்கும். இங்கிலாந்தில் ஆக்ஸ்போர்டு மருத்துவமனை ஒன்றில் 70 பேரிடம் இது காணப்பட்டது. காரணத்தைத் தேடியபோது, அக்குளில் வைத்து வெப்பநிலை அளக்கும் கருவிகள் அகப்பட்டன. அவற்றை அகற்றியதும் பரவல் குறைந்தது. இயற்பியல் சொல்லிக்கொடுக்கும் எனக்கு வெப்பமானி குற்றவாளிக் கூண்டில் நின்றது சற்று வருத்தந்தான்!

வெப்பத்துக்கு இக்கதையில் வேறு பங்கும் இருக்கலாம். பூஞ்சை இனங்களுள் பெரும்பாலானவை நம் உடலின் 37 டிகிரி செல்சியஸைத் தாங்குவதில்லை. நம் உடல் சூடே ஒரு கோட்டைச்சுவர். பூமி சூடேறச் சூடேற, வெளியே வாழ்ந்த இந்த ஈஸ்ட் படிப்படியாக வெப்பத்துக்குப் பழகிச் சுவரைத் தாண்டியிருக்குமோ என்று 2019இல் அமெரிக்க அறிஞர் ஆர்ட்டுரோ காசடெவாலும் அவர் தோழர்களும் கேட்டார்கள். இது கருதுகோள்தான், நிரூபணம் அன்று. ஆனால் 2021இல் சௌத்ரி குழுவினர் அந்தமான் தீவுகளில் ஒரு கடற்கரையிலும் மனித நடமாட்டமில்லாத ஓர் உவர் சதுப்பு நிலத்திலும் காண்டிடா ஆரிஸைக் கண்டெடுத்தார்கள். பெரும்பாலானவை மருந்துக்கு அடங்காதவை. சதுப்பு நிலத்தில் கிடைத்த ஒன்று மட்டும் மருந்துக்கு அடங்கியது. மிகுந்த சூட்டில் மற்றவற்றைவிட மெதுவாகவே வளர்ந்தது. மருத்துவமனையை அறியாத மூதாதையின் சாயல் அதுதானோ என்று ஆராய்ச்சியாளர்கள் ஐயுறுகிறார்கள்.