ஸ்பார்ட்டா ஏன் பெண்களை ஓடவிட்டது?

பழைய கிரேக்க நகரங்களில் ஒரு குடும்பப் பெண்ணைப் புகழ வேண்டுமென்றால், அவள் நன்றாகக் கம்பளி நூற்பாள், தறியில் நெய்வாள் என்று சொன்னால் போதும். வீட்டு நிர்வாகம் பற்றி செனபோன் எழுதிய நூலில் ஏதென்ஸ்காரக் கணவர் ஒருவர் வருகிறார். தன் மனைவி புகுந்த வீட்டுக்கு வந்தபோது அவளுக்கு 15 வயதுகூட நிரம்பவில்லை என்கிறார். எதையும் அதிகம் பார்க்காமல், கேட்காமல், கேள்வி கேட்காமல் வளர்த்திருந்தார்களாம். அவளுக்குத் தெரிந்ததெல்லாம் கம்பளியும் கட்டுப்பாடான சாப்பாடும்தான். அதை அவர் குறையாகச் சொல்லவில்லை. ஆனால் இதே செனபோன் ஸ்பார்ட்டாவைப் பற்றி எழுதும்போது வேறு ஓர் உலகத்தைக் காட்டுகிறார். மற்ற கிரேக்கர்கள் பெண் குழந்தைகளை அரை வயிற்றுக்குப் போட்டு, மூலையில் உட்கார்ந்து நூற்கச் சொல்கிறார்கள். துணி நெய்ய அடிமைப் பெண்கள் போதும் என்று நினைத்த ஸ்பார்ட்டாவின் சட்டகர்த்தா லைகர்கஸ், சுதந்திரப் பெண்களின் தலையாய வேலை பிள்ளை பெறுவது என்று முடிவு செய்து, ஆண்களைப் போலவே அவர்களுக்கும் உடற்பயிற்சியை விதித்தார் என்கிறார். லைகர்கஸ் என்று ஒருவர் இருந்தாரா என்பதே சந்தேகம். ஆனால் நோக்கம் ஒளிவுமறைவில்லாமல் சொல்லப்பட்டுவிட்டது. ஸ்பார்ட்டாவின் பெண் பிள்ளைகள் ஓடியது அவர்களுக்காக அல்ல, அரசின் படைக்காக. எனினும் அரசு தன் தேவைக்காகக் கொடுத்தது அரசு நினைத்த இடத்தில் நின்றுவிடவில்லை. அந்த நகரத்தின் கதையில் சுவையான பகுதி அதுதான்.

ஓட்டம், மல்யுத்தம், வட்டெறிதல், ஈட்டி எறிதல் என்று அவர்களின் பயிற்சிகளைப் பட்டியலிடுபவர் புளூட்டார்க். அவர் வாழ்ந்தது இந்தப் பெண்களுக்கு ஐந்நூறு, அறுநூறு ஆண்டுகள் கழித்து. செனபோன் ஸ்பார்ட்டா அரசரின் நண்பர், அபிமானி. ஸ்பார்ட்டாப் பெண்களைக் கரித்துக்கொட்டிய யூரிப்பிடிஸ் எதிரி நகரத்தின் நாடகாசிரியர். வெளியூர் ஆண்கள் கட்டிய கற்பனையை நம்பலாமா என்று வாசகர் கேட்டால் அது நியாயமான கேள்வி. ஆனால் புகழ்ந்தவரும் பழித்தவரும் ஒரே செய்தியைத்தான் சொல்கிறார்கள்: அங்கே பெண்கள் வெளியில் வந்து உடற்பயிற்சி செய்தார்கள். கி.மு. 411-ல் ஏதென்ஸில் அரங்கேறிய அரிஸ்டோஃபனிஸின் 'லிசிஸ்ட்ராட்டா' நாடகத்தில் லாம்பிட்டோ என்ற ஸ்பார்ட்டாக்காரி மேடையேறியதும், அவளுடைய கட்டான உடம்பைப் பார்த்து மற்றப் பெண்கள் வியக்கிறார்கள். பார்வையாளர்களுக்கு ஏற்கெனவே தெரிந்த விஷயமாக இருந்தால்தான் அந்த நகைச்சுவை எடுபடும்.

எழுத்தை விட்டுவிட்டுப் பொருளைப் பார்ப்போம். லண்டன் பிரிட்டிஷ் அருங்காட்சியகத்தில் ஒரு வெண்கலப் பொம்மை இருக்கிறது. உயரம் சுமார் 11 செ.மீ.தான். கி.மு. ஆறாம் நூற்றாண்டின் இறுதியைச் சேர்ந்தது; கிடைத்த இடம் பால்கன் பகுதியாக இருந்தாலும் ஸ்பார்ட்டாப் பட்டறையில் வார்த்ததாகவே கருதுகிறார்கள். ஓடிக்கொண்டிருக்கும் ஒரு பெண். முழங்காலுக்கு மேல் நிற்கும் குட்டை ஆடை, அதன் ஓரத்தைக் கையில் பிடித்திருக்கிறாள். வலது தோளும் மார்பும் திறந்திருக்கின்றன. தலை பின்னோக்கித் திரும்பியிருக்கிறது. ஒலிம்பியாவில் ஹீரா தெய்வத்துக்காகக் கன்னிப் பெண்கள் ஓடிய பந்தயத்தை வர்ணித்த பாசனியாஸ் என்ற பயணி, அவிழ்த்துவிட்ட கூந்தல், முழங்காலுக்கு மேல் ஆடை, மார்புவரை திறந்த வலது தோள் என்று கிட்டத்தட்ட இதே கோலத்தைத்தான் எழுதியிருக்கிறார். இந்தப் பொம்மைக்கும் அவருக்கும் இடையே அறுநூறு ஆண்டுகளுக்கு மேல் இடைவெளி. ஆண்கள் ஓடிய தூரத்தில் ஆறில் ஒரு பங்கைக் குறைத்துவிட்டுப் பெண்களை ஓடவிட்டார்களாம், அதாவது ஏறக்குறைய 160 மீட்டர்.

ஸ்பார்ட்டாவில் ஆண் பிள்ளைகளை ஏழு வயதில் வீட்டிலிருந்து பிரித்துப் பயிற்சிக் கூட்டத்தில் சேர்த்துவிடுவார்கள். பெண்களுக்கும் அப்படியொரு பாசறை இருந்ததென்று எண்ணுவது தவறு. அவர்கள் தாயோடு வீட்டிலேயே வளர்ந்தார்கள். ஊர் அறிய அவர்கள் கூடிய இடங்கள் ஓட்டக் களமும் பாட்டுக் குழுவும். கி.மு. ஏழாம் நூற்றாண்டில் அல்க்மான் என்ற கவிஞர் கன்னிப் பெண்களின் குழுவுக்காக எழுதிய பாடல் ஒன்று எகிப்தில் 1855-ல் பாப்பிரஸ் தாளில் கிடைத்தது. ஹகெசிகோரா, அகிடோ என்ற இரு பெண்களின் அழகைத் தோழிகள் போட்டி போட்டுப் புகழ்கிறார்கள். அந்தப் புகழ்ச்சியில் போர் பற்றியோ பிள்ளைப்பேறு பற்றியோ பேச்சே பெரிதாக இல்லை. கல்யாணமும் மற்ற ஊர்களைப் போலச் சிறு வயதில் நடக்கவில்லை, உடல் முதிர்ந்த பிறகுதான். அந்தச் சடங்கு விசித்திரமானது. மணப்பெண்ணைத் தூக்கிச் செல்வதுபோல் கொண்டுபோய், தலைமுடியை ஒட்ட வெட்டி, ஆண் உடையும் செருப்பும் அணிவித்து, இருட்டறையில் தனியே படுக்க வைப்பார்கள். கணவன் ரகசியமாக வந்து போவான். மனைவியின் முகத்தைப் பகலில் பார்ப்பதற்கு முன்பே தகப்பனானவர்கள் உண்டு என்கிறார் புளூட்டார்க். கதையில் கொஞ்சம் மிகை இருக்கலாம். ஆனால் ஆண்கள் 30 வயதுவரை சக வீரர்களோடுதான் வசிக்க வேண்டும் என்ற விதியோடு அது பொருந்திப் போகிறது.

கணவன் பாசறையில், மகன் பயிற்சியில். அப்படியானால் வீட்டையும் நிலத்தையும் பார்த்துக்கொண்டது யார்? பெண்கள் வெறும் பிள்ளை பெறும் இயந்திரங்களாகவே நடத்தப்பட்டார்கள், இதில் சுதந்திரம் எங்கே வந்தது என்று வாதிடுபவர்கள் இந்தக் கேள்வியைத் தாண்டிப் போய்விடுகிறார்கள். அவர்கள் வாதத்துக்கு வலு இல்லாமலில்லை. வயதான கணவன் இளைஞன் ஒருவனை அழைத்து வந்து தன் மனைவி மூலம் பிள்ளை பெறச் செய்யலாம்; அடுத்தவன் மனைவியின் வழியே வாரிசு வேண்டுமென்றால் அவளுடைய கணவனின் சம்மதம் போதும் என்று செனபோனே எழுதுகிறார். அவளுடைய சம்மதத்தைப் பற்றிப் பேச்சில்லை. இருந்தாலும் அதே பத்தியில், பெண்கள் இரண்டு வீடுகளைத் தங்கள் கைக்குள் வைத்துக்கொள்ள விரும்புகிறார்கள் என்றும் ஒரு வரி வருகிறது. அரசு கருப்பையைக் கணக்கிட்டது. பெண்கள் சொத்தைக் கணக்கிட்டார்கள்.

பேச்சுரிமைக்கும் சான்று உண்டு. கி.மு. 499 வாக்கில் அரிஸ்டகோரஸ் என்ற தூதர் பாரசீகத்துக்கு எதிராகப் படை கேட்டு அரசர் கிளியோமெனிஸிடம் வந்தார். அறையில் அரசரின் ஒரே மகள் கோர்கோ நின்றுகொண்டிருந்தாள், எட்டு ஒன்பது வயது. குழந்தையை வெளியே அனுப்புங்கள் என்றார் தூதர். அவள் இருக்கட்டும், நீ சொல் என்றார் அரசர். பத்து டாலந்து பணத்தில் தூதர் தொடங்கிய லஞ்சம் ஐம்பதுக்கு ஏறியபோது, எழுந்து போகாவிட்டால் இந்த அந்நியன் உங்களைக் கெடுத்துவிடுவான் என்று சிறுமி எச்சரிக்க, அரசர் எழுந்து போய்விட்டார். ஹெரோடோட்டஸ் சொல்லும் இந்தக் கதையில் ஒப்பனை இருக்கலாம். ஆனால் அரசியல் பேச்சில் பெண் குழந்தை உடனிருப்பது ஸ்பார்ட்டாவில் நம்பக்கூடியதாக இருந்தது என்பதே நமக்குப் போதும். '300' திரைப்படத்தில் லியோனிடாஸின் மனைவியாக வருபவர் இந்தக் கோர்கோதான்.

இன்னொரு அரசகுலப் பெண் கைனிஸ்கா. கி.மு. 396-லும் 392-லும் ஒலிம்பிக் நாற்குதிரைத் தேர்ப் பந்தயத்தில் வென்றவர். தேரை அவர் ஓட்டவில்லை. அந்தப் பந்தயத்தில் குதிரையின் உரிமையாளருக்கே மகுடம். குதிரைப் பந்தய வெற்றி பணத்தால் வருவது, வீரத்தால் அல்ல என்று காட்டத்தான் அரசரான அண்ணன் அஜெசிலாஸ் தங்கையை இறக்கினார் என்கிறார் செனபோன். தம்பட்டம் அடித்த ஆண்களை மட்டந்தட்டும் உத்தி என்றே வைத்துக்கொள்வோம். ஆனால் கிரேக்கம் முழுவதிலும் இந்த மகுடத்தைப் பெற்ற ஒரே பெண் தான்தான் என்று கைனிஸ்கா ஒலிம்பியாவில் கல்லில் வெட்டி வைத்தார். அந்தக் கல்லின் பகுதி கிடைத்திருக்கிறது. அண்ணன் நினைத்தது ஒன்று, தங்கை சாதித்துக்கொண்டது வேறொன்று.

இதையெல்லாம் சாத்தியமாக்கியது சொத்து. வாரிசுரிமையாலும் பெரிய சீதனங்களாலும் ஸ்பார்ட்டா நிலத்தில் ஐந்தில் இரண்டு பங்கு பெண்கள் கைக்குப் போய்விட்டது என்று அரிஸ்டாட்டில் குறை சொன்னார். ஆண்களின் எண்ணிக்கை ஆயிரத்துக்கும் கீழே விழுந்தது, கி.மு. 371-ல் லூக்ட்ராவில் ஏற்பட்ட தோல்வியைத் தாங்க முடியவில்லை, அடுத்த ஆண்டு தீப்ஸ் படை உள்ளே புகுந்தபோது பெண்கள் எதிரியைவிட அதிகக் குழப்பத்தைத்தான் உண்டாக்கினார்கள் என்றெல்லாம் பழி அவர்கள் தலையில் விழுந்தது. நிலத்தைச் சிலர் கையில் குவித்த சட்டத்தைப் பெண்கள் இயற்றவில்லை; அவர்களுக்கு வாக்குமில்லை, சபையில் இடமுமில்லை. தவிர, தலைமுறைகளாக எதிரி கால் வைக்காத ஊரில் முதல் படையெடுப்பின்போது பீதி எழுந்ததில் வியப்பென்ன? கி.மு. 272-ல் பிர்ரஸ் மன்னன் தாக்க வந்தபோது பெண்களைக் கிரீட்டுக்கு அனுப்ப முதியோர் அவை யோசித்தது. ஆர்கிடாமியா என்ற பெண்மணி கையில் வாளோடு அவைக்குள் நுழைந்து மறுத்தார். தற்காப்பு அகழியில் மூன்றில் ஒரு பங்கைப் பெண்கள் தோண்டினார்கள்.

இந்தச் சுதந்திரத்துக்கு விலை கொடுத்தவர்களையும் சொல்லியாக வேண்டும். வயலில் உழைக்கவும் துணி நெய்யவும் ஹெலட் என்ற அடிமைக் குடிகளும் அவர்களின் பெண்களும் இருந்ததால்தான் ஸ்பார்ட்டாவின் மகள்களுக்கு ஓட நேரம் கிடைத்தது. அந்தப் பக்கத்தை மறைத்துவிட்டு ஸ்பார்ட்டாவைப் பெண்ணுரிமைக்கு முன்மாதிரியாகக் காட்டுபவர்கள் பாதிக் கதையைத்தான் சொல்கிறார்கள்.

ஆனால் அந்தப் பெண்கள் பெற்ற அதிகாரம் பொய்யல்ல. கி.மு. மூன்றாம் நூற்றாண்டின் நடுவில் இளம் அரசர் நான்காம் ஆகிஸ் நிலத்தை மறுபங்கீடு செய்யப் புறப்பட்டபோது தன் தாய் அஜெசிஸ்ட்ராட்டாவிடமும் பாட்டி ஆர்கிடாமியாவிடமும் சம்மதம் வாங்கினார். ஊரிலேயே பெரிய பணக்காரர்கள் அவர்கள்தான். திட்டத்தை எதிர்த்து, ஆகிஸுடன் சேர்ந்து ஆண்ட மற்றோர் அரசரிடம் முறையிட்டதும் பணக்காரப் பெண்களே. கி.மு. 241-ல் திட்டம் தோற்றது. ஆகிஸைக் கொன்றவர்கள் அதே சிறையில், அதே நாளில் பாட்டியையும் தாயையும் கொன்றார்கள். வீரனைப் பெற்றவர்கள் என்பதற்காக அல்ல, அரசியலில் விட்டுவைக்க முடியாத அளவுக்குப் பெரியவர்கள் என்பதற்காக.