அட்டமா சித்தியும் கல்லாய்க் கிடந்த கார்த்திகைப் பெண்களும்

திருவிழா நெருங்கிவிட்டால், ஆலய அலுவலகத்திற்கு வருவோர் அர்ச்சனைச் சீட்டுக்கு மட்டும் வருவதில்லை. "ஐயா, எந்த மந்திரத்தை எத்தனை முறை சொன்னால் நினைத்தது நடக்கும்?" என்று கேட்போரும் உளர். ஒரு திருவிழாவின்போது ஓர் இளைஞர் வந்தார். வெளியூரிலிருந்து வந்து சென்ற எவரிடமோ 2,000 வெள்ளி கொடுத்து ஒரு மந்திரத்தைத் தாளில் எழுதி வாங்கியிருந்தார். எவருக்கும் காட்டலாகாது என்பது கட்டளையாம். 48 நாள் செபித்தும் பலனில்லை என்று தலைகுனிந்து நின்றார். அன்று அவருக்குச் சொன்ன வரலாற்றையே மெய்யன்பர்களுக்கும் சொல்ல விழைகிறேன்.

பரஞ்சோதி முனிவர் அருளிய திருவிளையாடற் புராணத்தின் 64 படலங்களுள் 33ஆவது, அட்டமா சித்தி உபதேசித்த படலம். முருகப்பெருமானுக்குப் பாலூட்டிய கார்த்திகைப் பெண்கள் அறுவர், கயிலையில் இறைவனைப் பணிந்து அட்டமா சித்திகளை அருளுமாறு வேண்டினர். அணுவினும் நுண்ணியராதல் அணிமா. மலையினும் பெரியராதல் மகிமா. காற்றினும் இலேசாதல் இலகிமா. அசைக்கவொண்ணாக் கனமாதல் கரிமா. பிராப்தி, பிராகாமியம், ஈசத்துவம், வசித்துவம் என்பன ஏனைய நான்கு.

பெருமான் மறுத்தாரில்லை. அருகே வீற்றிருந்த உமையம்மையைக் காட்டி, இச்சித்திகள் யாவும் இவளுக்கு ஏவல் செய்வன, இவளைத் தியானித்தால் தந்தருள்வாள் என்றார். செலவும் இல்லை, இரகசியமும் இல்லை. ஆயினும் அப்பெண்கள் தியானத்தை மறந்தனர்! கேட்ட வரம் நினைவில் நின்றது; செய்ய வேண்டியது நிற்கவில்லை. சிவபெருமானே நேரில் சொல்லியும் இப்படியென்றால் நம் நிலையை என்னென்பது? பட்டமங்கையில் ஓர் ஆலமரத்தடியில் ஆயிரம் ஆண்டுகள் கற்களாய்க் கிடக்குமாறு சாபம் பெற்றனர்.

காலம் முடிந்ததும் பெருமான் மதுரையினின்று குரு வடிவில் எழுந்தருளித் திருநோக்கால் சாபம் தீர்த்து, அவர்தம் தலைமேல் கைவைத்து உபதேசித்தார். இம்முறை அவர்கள் அம்மையை மறவாது தியானித்துச் சித்தி பெற்றுக் கயிலை சேர்ந்தனர். பட்டமங்கலம் என வழங்கும் அவ்வூர், தமிழகத்தில் சிவகங்கை மாவட்டத்துத் திருப்பத்தூரை அடுத்துள்ளது. பிற தலங்களில் தென்முகம் நோக்கும் தட்சிணாமூர்த்தி அங்கே கிழக்கு நோக்கி அமர்ந்துள்ளார்.

மந்திரத்தால் சித்தி வாராது என்று நம் சாத்திரங்கள் கூறவில்லை. பிறவி, மூலிகை, மந்திரம், தவம், சமாதி ஆகிய ஐந்தினாலும் அது வரும் என்கிறார் பதஞ்சலி முனிவர். ஆனால், சித்திகளை விரித்துரைக்கும் விபூதி பாதத்திலேயே, அவை சமாதிக்கு இடையூறாவன என்றும் எச்சரித்துள்ளார். செபத்திலும் பிறர் கேட்கச் சொல்வதினும் உதடு மட்டும் அசையச் சொல்வது சிறப்பு; மனத்துள்ளே ஓதும் மானச செபம் அதனினும் பன்மடங்கு சிறப்பு என்பர். எண்ணிக்கையன்று, மனம் நிற்குமிடமே கணக்கு.

ஆகவேதான் அவ்விளைஞரிடம், "தம்பி, செபிக்கும்போது மனம் எங்கே இருந்தது?" என்று கேட்டேன்.

"நாலு நம்பரில்தான், ஐயா" என்றார், ஒளிக்காமல். பக்கத்திலிருந்த பொருளாளர் சிரித்துவிட்டார். எனக்குச் சிரிக்கத் தோன்றவில்லை. அந்த 2,000 வெள்ளி, அவர் மனைவியின் சங்கிலியை அடகு வைத்துப் பெற்றது என்பதைப் பின்னரே அறிந்தேன்.

எங்கள் குருக்கள் அவரை அழைத்துத் திருநீறு அளித்து, எல்லாரும் அறிந்த ஐந்தெழுத்தையே ஓதச் சொன்னார். இப்போது வெள்ளிக்கிழமைதோறும் தட்சிணாமூர்த்தி சந்நிதியில் சிறிது நேரம் கண்மூடி அமர்கிறார். அந்தத் தாள் என்னவாயிற்று என்று நான் கேட்கவில்லை. சங்கிலியை மட்டும் சென்ற தைப்பூசத்திற்கு முன்பு மீட்டுவிட்டாராம்.