இரும்பு, மரம், தோல்: பழைய படைத்துப்பாக்கியைப் பேணும் முறை

பழைய படைத்துப்பாக்கி என்பது இரும்பு, பித்தளை, மரம், தோல் ஆகிய நான்கும் ஒன்றையொன்று தொட்டுக்கொண்டிருக்கும் கூட்டுப்பொருள் என்பதால், அதைப் பேணும் கலையும் அந்த நான்கின் தனிக்குணங்களையும் அவை ஒன்றுக்கொன்று செய்யும் கேட்டையும் அறிவதில் தொடங்குகிறது. 1806ஆம் ஆண்டு வேலூர்க் கோட்டையில் கிளர்ந்தெழுந்த சிப்பாய்களின் கையிலிருந்தவை, தீக்கல்லின் பொறியால் மருந்து பற்றும், உட்புறம் வழவழப்பான குழல் கொண்ட மஸ்கெட்டுகள். குழலின் உட்சுவரில் சுருளாக ஓடும் புரிகள் வெட்டப்பட்டு, அவற்றால் குண்டு சுழன்று நேராகச் செல்லும்படி அமைந்த துப்பாக்கியே ரைஃபிள் எனப்படும். மூன்று புரிகளைக் கொண்ட 1853ஆம் ஆண்டு மாதிரி என்ஃபீல்டும், இருபதாம் நூற்றாண்டில் வங்காளத்து இஷாப்பூர் தொழிற்சாலையில் பெருமளவில் உருவான .303 லீ என்ஃபீல்டும் இவ்வகை ரைஃபிள்கள்; லீ என்ஃபீல்டை இந்தியப் படைவீரர்கள் தலைமுறைகளாகச் சுமந்தார்கள்.

வீட்டுக்கு ஒருவரைப் படைக்கு அனுப்பிய ஊர் எனப் பெயர்பெற்ற கம்மவான்பேட்டை வேலூர் வட்டாரத்தில்தான் இருக்கிறது. அத்தகைய ஊர்களில் மூதாதையரின் துப்பாக்கி ஒன்று வீட்டில் எஞ்சியிருக்குமானால், அதைத் துடைக்க எண்ணெய் தேடுவதற்கு முன் சட்டத்தையே பார்க்க வேண்டும். 1959ஆம் ஆண்டின் ஆயுதச் சட்டப்படி, சுடக்கூடிய நிலையிலுள்ள துப்பாக்கிக்கு உரிமம் கட்டாயம். உரிமம் பெற்றவர் இறந்தால் ஆயுதத்தைக் காவல் நிலையத்திலோ உரிமம் பெற்ற ஆயுத வணிகரிடமோ ஒப்படைத்துவிட்டு, வாரிசு தம் பெயருக்கு விண்ணப்பிக்க வேண்டும். பழுதுபார்த்தாலும் சுட முடியாத, தொன்மை மதிப்பு மட்டுமே உள்ள ஆயுதத்துக்குச் சட்டம் விலக்கு அளிக்கிறது. எனினும் ஒரு துப்பாக்கி அந்த வகையைச் சேர்ந்ததா என்பதை உடையவர் தாமே முடிவு செய்துகொள்ளக் கூடாது. அதற்கு மாவட்ட ஆட்சியர் அலுவலகத்தை அணுக வேண்டும்; 2019இல் திருப்பத்தூர் தனி மாவட்டமான பிறகு, நாட்றம்பள்ளி போன்ற அதன் ஊர்களைச் சேர்ந்தவர்களுக்கு அது அம்மாவட்ட ஆட்சியர் அலுவலகமே.

அடுத்தது பாதுகாப்பு. வாய்வழியே மருந்திடும் பழந்துப்பாக்கிகள் பல ஆண்டுகளுக்குப் பின்னும் மருந்தேற்றிய நிலையிலேயே கிடைப்பதுண்டு. வெடியுப்பு, கந்தகம், கரி மூன்றும் கலந்த கருமருந்து நூறாண்டு கழிந்தாலும் ஈரம் படாதிருந்தால் தன் ஆற்றலை இழப்பதில்லை. குழலுக்குள் ஒரு மரக்குச்சியை இறக்கி வாய்விளிம்பில் குறியிட்டு, அதே குச்சியைக் குழலுக்கு வெளியே வைத்து அளந்து, அது தீத்துளை வரை எட்டவில்லை என்று தெரிந்தால், உள்ளே ஏதோ அடைபட்டிருக்கிறது என்று பொருள். அதைத் தோண்டி எடுக்கும் வேலை உரிமம் பெற்ற துப்பாக்கிப் பழுதுநீக்குநருக்கு உரியது, வீட்டாருக்கு உரியதன்று.

இரும்பின் பகை துரு என்பது யாவரும் அறிந்தது. ஆனால் இரும்பின் மேல் தெரியும் நிறமெல்லாம் துரு அன்று. செந்துரு நுண்துளைகள் நிறைந்தது. காற்றின் ஈரத்தை உறிஞ்சித் தனக்கடியிலுள்ள இரும்பை மேலும் அரித்துக்கொண்டே போகும். இதற்கு மாறாக, பத்தொன்பதாம் நூற்றாண்டுக் குழல்கள் பலவற்றில் காணப்படும் கரும்பழுப்போ கருநீலமோ, இரும்பைத் திட்டமிட்டு மெல்லத் துருவேற்றிக் கொதிநீரால் நிலைப்படுத்தி ஆயுதச்சாலையிலேயே பூசப்பட்ட காப்புப் படலம். உப்புத்தாள் போட்டுத் தேய்த்துப் பளபளப்பாக்குபவர் துருவோடு இந்தக் காப்பையும் அழித்துவிடுகிறார். ஆகவே செந்துரு தெரியும் இடத்தில் மட்டும் கனிம எண்ணெய் தடவி ஒரு நாள் ஊறவிட்டு, மிக நுண்ணிய எஃகுப் பஞ்சாலோ செப்புத் தகட்டின் விளிம்பாலோ மெல்ல நீக்கி, எண்ணெயை முற்றிலும் துடைத்தெடுத்தபின், அருங்காட்சியகங்கள் பயன்படுத்தும் நுண்படிக மெழுகை மெல்லிய படலமாகப் பூசுவதே தகும். தேங்காயெண்ணெயும் நல்லெண்ணெயும் காற்றுப்பட்டால் பிசுபிசுத்துத் தூசியைச் சேர்ப்பதோடு நாளடைவில் அமிலத்தன்மையும் அடைவதால் அவற்றைத் தவிர்க்க வேண்டும்.

குழலின் உட்புறத்துக்கு வேறு கணக்கு. கருமருந்து எரிந்தபின் எஞ்சும் பொட்டாசியம் உப்புகளும், பழைய .303 தோட்டாக்களின் தீப்பொடி விட்டுச்செல்லும் பொட்டாசியம் குளோரைடும் ஈரத்தை ஈர்ப்பவை. உப்பு எண்ணெயில் கரையாது, நீரில்தான் கரையும். படைவீரர்கள் சுட்டு முடித்ததும் குழலுக்குள் கொதிநீரை ஊற்றி, பிறகு 'புல்த்ரூ' எனப்படும் எடைகட்டிய கயிற்றில் துணித் துண்டைக் கோத்து இழுத்து உலர்த்தி, அதன் பிறகே எண்ணெய் இட்டதன் காரணம் இதுவே.

பித்தளைப் பாகங்களைப் புளியிட்டுத் துலக்கும் வீட்டுப் பழக்கம் இங்கே ஆகாது. புளியின் அமிலம் அருகிலுள்ள மரத்திலும் இரும்பிலும் ஊறிக் கறையும் துருவும் உண்டாக்கும். அம்மோனியா கலந்த மெருகுத் திரவங்கள் அதைவிடக் கேடானவை. பிரிட்டிஷ் ஆட்சிக்கால இந்தியாவில், குதிரை லாயங்களுக்கு அருகே வைக்கப்பட்ட பித்தளைத் தோட்டாக் கூடுகள் மழைக்காலத்தில் தாமாகவே வெடிப்பு விட்டன. சாணமும் சிறுநீரும் வெளியிட்ட அம்மோனியா, உள்ளிறுக்கம் கொண்ட பித்தளையைப் பிளக்கிறது என்பது 1921இல் ஆய்வாளர்களால் நிறுவப்பட்டது.

மரக்கட்டையை இழைப்பதும் புதிய வார்னிஷ் அடிப்பதும் சான்றுகளை அழிக்கும் செயல்கள். கட்டையின் பக்கத்தில் அழுத்தப்பட்ட அம்புக்குறியும், ஆய்வாளர் முத்திரைகளும், இஷாப்பூர் கட்டைகளில் மரம் பிளவாதிருக்கக் குறுக்கே முடுக்கிய திருகாணியும், உலோகத்தில் கிரீடத்தின் கீழ் பொறித்த ஆண்டும் சேர்ந்தே அந்தத் துப்பாக்கி எங்கே பிறந்து யாரிடம் பணியாற்றியது என்பதைச் சொல்கின்றன. இழைத்துப் போன முத்திரையை எவராலும் மீட்க முடியாது.

தோலைப் பொறுத்தவரை வாணியம்பாடி, ஆம்பூர் வட்டாரத்து வாசகருக்குச் சொல்லித்தர வேண்டியது குறைவு. ஆவாரம்பட்டையிலும் கடுக்காயிலும் பதனிட்ட ஈரத்தோலை இரும்பு தொட்டால் கருநீலக் கறை விழும் என்பது தோல் ஷாப்பில் வேலை பார்த்தவர் கண்டறிந்த உண்மை; பட்டையின் டானின் இரும்போடு கூடி உண்டாக்கும் சேர்மமே அந்தக் கறை. அதே வேதிவினை தோலுறைக்குள் வைத்த துப்பாக்கியிலும் மெதுவாக நடக்கிறது. தோலின் கொழுப்பு பித்தளையோடு சேர்ந்து பச்சைப் பிசினாகக் கசிகிறது. ஆகவே தோளில் மாட்டும் தோல்வாரைக் கழற்றித் தனியே வைப்பதும், துப்பாக்கியை ஒருபோதும் தோலுறையில் சேமிக்காதிருப்பதும் முதல் விதி.

சேமிக்கும் இடம் காற்றோட்டமும், பூட்டும், 40 முதல் 55 விழுக்காடு வரையிலான ஈரப்பதமும் உடையதாக இருத்தல் நலம். ஐப்பசி, கார்த்திகை மழையில் சிலிக்கா ஜெல் பைகளை மாற்றிக்கொண்டேயிருக்க வேண்டும். வியர்வையின் உப்பு விரல்ரேகை வடிவிலேயே துருப்பிடிக்க வைக்கும் என்பதால் பருத்திக் கையுறையின்றித் தொடக் கூடாது. குடும்பத்தால் இத்தனையும் இயலாதெனில், உரிய அனுமதியோடு அரசு அருங்காட்சியகத்துக்கு அளிப்பதே அந்தப் பொருளுக்குச் செய்யும் நன்மை. வீட்டில் வைத்துப் பேணுவோர் நினைவில் நிறுத்த வேண்டியது ஒன்றே: பழைய துப்பாக்கியைப் புதிதாக்குவது பாதுகாப்பாகாது, அது இருக்கும் நிலையிலிருந்து மேலும் கெடாமல் தடுப்பதே பாதுகாப்பு.